நூற்றி எண்பத்தேழாவது வாத்து

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்துக்குப் போன் அடித்தது. ஐந்தாவது மணியில் எடுத்தேன்.

சென்னையிலிருந்து வசந்தா மேடம். வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பத்தியை முதல் வாரத்திலிருந்து படிக்கிறார். நூற்றுப் பதினாறு வாரம் — ஒன்றுகூட விட்டதில்லை என்பார்.

குரலில் அவ்வளவு உற்சாகம். போன வருஷம் எங்கள் பக்கத்து ஏரிக்கு வந்து பறவை பார்த்துவிட்டுப் போனதை அவர்கள் குடியிருப்பில் இன்னும் பேசுகிறார்களாம். அன்று எடுத்த போட்டோ ஒன்றைப் பெரிதாக்கி லிஃப்ட் வாசலில் மாட்டியிருக்கிறார்களாம்.

"இந்தத் தடவை ரெண்டு வேன் சார். அம்பத்தெட்டு பேர் வர்றதா சொல்லியிருக்காங்க. எத்தனை வாத்து வந்திருக்குன்னு மட்டும் சொல்லுங்க... வேனுக்குச் சொல்லிடறேன்."

எத்தனை என்று ஒருவர் கேட்டு நான் பதில் சொல்லாமல் நின்றது, நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. பிரஷர் மாத்திரை போட வேண்டும், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஏன் அந்தப் பொய்? அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். போன வருஷமே எழுதியிருக்க வேண்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அரியலூர் ஸ்டேஷனில் இருபத்தொன்பது வருஷம் கூட்ஸ் கிளார்க்காக இருந்தவன். சுண்ணாம்புக்கல், சிமெண்ட், நிலக்கரி... வருகிற வேகன், போகிற வேகன், நிற்கிற வேகன் எல்லாவற்றையும் எண்ணியவன். வேலை போயிற்று, எண்ணுவது போகவில்லை. செட்டிகுளம் மலைக் கோயிலில் ஏறும்போது ஒரு கணக்கும் இறங்கும்போது ஒரு கணக்கும் வந்து, ஒரு படி உதைத்ததால் முழங்கால் வலியோடு மறுபடியும் ஏறியவன். கீழே நின்ற என் மனைவி சரோஜா அன்று சொன்னது: "சாமி கும்புட வந்தீங்களா, சாமி வீட்டுக்குப் படி சரியா கட்டியிருக்கான்னு பார்க்க வந்தீங்களா?"

அப்படிப்பட்டவன் கையில் ஓர் ஏரி கிடைத்தால்?

அந்த ஏரியின் பெயரை இன்று எழுதப் போவதில்லை. அரியலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம் — அவ்வளவு போதும். அதுகூட அதிகமோ என்று இப்போது தோன்றுகிறது. பழைய இதழைத் தேடி எடுக்காதீர்கள், தயவுசெய்து.

ஏரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்துச் சில வருஷம் ஆகிறது. வாசலில் ஒரு போர்டு. போர்டில் பதினொரு பறவை வரைந்திருக்கிறார்கள். இரண்டுக்கு வெயிலில் தலை உரிந்துவிட்டது.

கார்த்திகைக் கடைசியில் வாத்துகள் வரும். வரித்தலை வாத்து என்கிறது புத்தகம். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. இமயமலையைத் தாண்டி வருகின்றன. எங்கள் மாவட்டத்தை ஒரு தடவை பிரித்தார்கள், பெரம்பலூரோடு மறுபடி சேர்த்தார்கள், திரும்பவும் பிரிப்பார்கள் என்று பேச்சு. கவர் மேல் என்ன விலாசம் எழுதுவது என்று எனக்கே குழப்பம். அந்த வாத்துகளுக்கு ஒரு வருஷம்கூட விலாசம் தவறியதில்லை. என்னை இழுத்தது அதுதான். வாரா வாரம் போய் எண்ண ஆரம்பித்தேன்.

ஏரிக் கரைக்குக் கீழே தங்கராசுவின் வயல் இருக்கிறது. முக்கால் ஏக்கர். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. அவரும் மனைவி மருதாயியும்தான் வயலில் எல்லா வேலையும். அந்த நெல் விற்பனைக்கு அல்ல. வீட்டுச் சாப்பாட்டுக்கு. ஒரு வருஷச் சோறு.

வயலை அடுத்து அவருடையதே ஒரு பள்ளம். ஏரிக் கரையிலிருந்து கசிகிற தண்ணீர் தேங்கி, நட்டால் அழுகிவிடும் என்று சும்மா போட்டிருந்தார். கோரையும் புல்லும் மண்டிய அந்தப் பள்ளத்தில்தான் வாத்துகள் காலையில் வந்து மேயும். இதில் ஒரு வேடிக்கை — சரணாலயத்தின் எல்லை கரையோடு முடிந்துவிடுகிறது. காவல் உள்ள இடத்தில் வாத்து மேய்வதில்லை. வாத்து மேய்கிற இடத்தில் காவல் இல்லை. வாத்துக்குப் போர்டு படிக்கத் தெரியாதே!

தங்கராசு ஒருநாளும் அவற்றை விரட்டியதில்லை. ஓரத்துப் பயிரில் கொஞ்சம் கடித்துவிடுகின்றனவே என்று நான்தான் ஒரு தடவை கவலைப்பட்டேன். "அதுங்க தின்னது போகத்தான் சார் இத்தினி வருசம் நாங்க தின்னோம். ஒண்ணும் கொறஞ்சு போயிடலீங்க" என்றார்.

போன வருஷம் மார்கழியில் இதே பத்தியில் அந்த வாத்துகளைப் பற்றி எழுதினேன். சென்னை வாசகர்களைப் பார்த்துக் கேள்வி கேட்டேன். மின்சாரக் கம்பியில் உட்கார்ந்த காக்கையைத் தவிர, ஒரு பறவையை அதன் இடத்தில் வைத்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? வெள்ளைக்காரத் தேசத்துக் காட்டை டிவியில் பார்க்கிறீர்கள். ஒரு ராத்திரி ரயிலில் வந்தால் காலையில் இமயமலை வாத்து. வாருங்கள்.

வெறும் வாருங்கள் என்று எழுதினால் நான் என்ன கணக்குக்காரன்? வழியும் எழுதினேன். முதல் மதகிலிருந்து கரைமேல் நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. அங்கே ஒற்றைப் பனை. பனையடியில் இறங்கினால் வயல் வரப்பு. வரப்பில் அறுபத்தெட்டு எட்டு. எதிரே பள்ளம். காலை ஆறு ஐம்பதிலிருந்து எட்டரைக்குள் போனால் வாத்து நிச்சயம்.

நாற்பத்து மூன்று கடிதம் வந்தது. இப்படித் துல்லியமாக வழி சொன்னவர் யாருமில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சரோஜாவிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

முதலில் ஒன்றிரண்டு கார் வந்தது. அவர்கள் கரையிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பொங்கல் கழிந்த சனிக்கிழமை வசந்தா மேடத்தின் வேன் வந்தது. முப்பத்தொரு பேர். வழிகாட்ட நானும் போயிருந்தேன்.

நல்ல மனிதர்கள். அதைச் சொல்லாவிட்டால் பாவம். குப்பை போட ஆளுக்கொரு பை கொண்டுவந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. முழங்கால் வலியோடு வந்த ஓர் அம்மாள் கரைமேல் ஏறி ஏரியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் பயந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். ஒன்றுமில்லை, இவ்வளவு தூரம் வரை கண்ணுக்கு எதுவும் குறுக்கே நிற்காமல் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார்.

வசந்தா மேடம் சிரித்தார். "நாங்க இருக்கற எடமும் ஒரு காலத்துல ஏரிதான் சார். மழை வந்தா அதுவே வந்து ஞாபகப்படுத்திட்டுப் போகும்."

கரையிலிருந்து பார்த்தால் பள்ளத்தில் வாத்துகள் சாம்பல் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. ஒரே ஒரு பைனாகுலர், முப்பத்தொரு ஜோடிக் கண். கிட்டே போகலாமா என்று கேட்டார்கள். இவ்வளவு தூரம் வந்த வாசகர்கள். மறுக்க முடியுமா? பனையடியில் இறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன்.

இந்த இடத்தில் வயல் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். மதகிலிருந்து வரும் தண்ணீரை வயல்காரர்கள் மணிக்கணக்கில் பங்கு வைத்துக்கொள்வார்கள். அதற்கு முறை என்று பேர். தங்கராசுவுக்குப் பதினொரு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு மணி நேரம். அவருடைய முறை முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து போயிருந்தது. வயலில் ஒரு சாண் தண்ணீர். அதைப் பிடித்து வைக்க, வரப்பின் மேல் புது மண் அள்ளிவைத்து அணைத்திருந்தார்கள். அந்த ஈரம் இறுகுகிற வரை வரப்பில் யாரும் நடக்க மாட்டார்கள். நாயைக்கூட விரட்டுவார்கள். போயே தீர வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுப் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இது தெரியாதவர் கிடையாது. எனக்கும் தெரியும். அறுபத்தெட்டு எட்டு என்று எழுதினேனே, செருப்பைக் கழற்றுங்கள் என்று எழுதினேனா? இல்லை. அதற்கு எண் கிடையாது. அதனால் எனக்குத் தோன்றவில்லை.

நான் முன்னால் போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் நின்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். வாத்து எண்ணுவது வேகன் எண்ணுவது மாதிரி இல்லை. நகரும். ஒன்றின் பின்னால் ஒன்று மறையும். நடுவில் கண்ணை எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் பின்னால் வரப்பில் முப்பத்தொரு பேர் — ஷூ, சாண்டல், ஹீல்ஸ். இரண்டு இரண்டு பேராக, சில இடத்தில் மூன்று பேராக. நான் பார்க்கவில்லை. பின்னால் வசந்தா மேடம் அனுப்பிய போட்டோவில் பார்த்தேன்.

வயலின் எதிர் மூலையில் மருதாயி புல் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் குரல் கேட்டது.

"சார்... ஒத்தை ஒத்தையா வரச் சொல்லுங்க சார். செருப்பக் கழட்டச் சொல்லுங்க. நேத்துதான் வரப்பு அணைச்சுது."

ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது. டவுன்காரர்களை நேரே அதட்டக் கூச்சப்பட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். தெரிந்த மனுஷன், சொன்னால் கேட்பார்கள் என்று.

நான் அப்போது நூற்றி எண்பத்தேழில் இருந்தேன்.

திரும்பிப் பார்க்காமல் ஒரு விரலை உயர்த்தினேன். இருங்க, எண்ணிக்கை தப்பிவிடும் என்பதற்கு அடையாளம். மறுபடியும் ஒரு தடவை "சார்" என்று கூப்பிட்டார். விரலை இறக்கவில்லை.

இருநூற்றுப் பதினான்கு. திரும்பி உரக்கச் சொன்னேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு வாத்துகள் எழும்பின. இருநூற்றுப் பதினான்கும் ஒன்றாக எழும்பித் தலைக்கு மேல் வந்து திரும்பியபோது முப்பத்தொரு முகமும் வானத்தைப் பார்த்தது. யாருடைய காலும் எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. யாரோ சறுக்கினார்கள். சிரித்தார்கள். ஒரு ஷூ சேற்றில் மாட்டி வெளியே வந்தது. போட்டோ எடுத்தார்கள்.

திரும்பி வரும்போது நான் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன். வரப்பு இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொன்றும் ஒரு முழம். தண்ணீர் வடிகாலில் இறங்கிக்கொண்டிருந்தது. மருதாயி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து சுற்றி வந்துகொண்டிருந்தார். வந்துவிடுவார், அடைத்துவிடுவார் என்று நினைத்தேன். வேன்காரன் ஹாரன் அடித்தான். அடுத்தது கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

தங்கராசு அன்று ஊரில் இல்லை. விக்கிரமங்கலத்தில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். மருதாயி ஓர் உடைப்பை அடைக்கும்போது மற்றது அகன்றிருக்கிறது. அதை அடைக்கப் போனால் இது கரைந்திருக்கிறது. புது மண். ஒற்றை ஆள். இரண்டையும் அவர் அடைத்து முடித்தபோது வயலில் நிறுத்துவதற்குத் தண்ணீர் இல்லை.

திங்கட்கிழமை போனேன். தங்கராசு வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வயலில் தரை தெரிந்தது.

"பால் புடிக்கிற நேரம் சார்" என்றார்.

கதிருக்குள் பால் கட்டி அரிசியாகிற நேரம் அது. அந்த நேரத்தில் வேர் காய்ந்தால் உமி மட்டும் நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அடுத்த முறைக்கு இன்னும் எட்டு நாள். ஏரிக்கு வருகிற கால்வாய்த் தண்ணீர் வேறு அந்த வருஷம் முன்னதாகவே நின்றுவிட்டது.

அதே மதகில் அந்த எட்டு நாளுக்குள் முறை வருகிற வயல்காரர்கள் ஐந்து பேர். ஐந்து பேர் வீட்டுக்கும் போனேன். உங்கள் முறையில் ஆளுக்கு அரை மணி நேரம் தங்கராசுவுக்கு விடுங்கள் என்று கேட்டேன். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள் — குடிக்க. ஒருவர் மட்டும் வெளிப்படையாகப் பேசினார்.

"சார் கணக்குல கெட்டியாச்சே. அஞ்சு வயலு, ஆளுக்கு ரெண்டு மணி நேரம். எங்களுதும் கதிருதான். இதுல யாரு சோத்துலேருந்து அரை மணி எடுக்கறதுன்னு நீங்களே போட்டுச் சொல்லிடுங்க, நாங்க கேட்டுக்கறோம்."

போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

எட்டாம் நாள் தங்கராசுவின் முறை வந்தது. தண்ணீர் வரவில்லை. ஏரி மதகுக்குக் கீழே இறங்கிவிட்டது. ஏரியில் தண்ணீர் இருந்தது, வாத்துக்குப் போதும். வயலுக்கு ஏறாது. கரைமேல் நின்றால் இடது பக்கம் வெயிலில் மின்னுகிற தண்ணீர், வலது பக்கம் வெடித்த தரை. நடுவில் நான்.

மாசியில் அறுத்தார்கள். வழக்கமாக இருபது மூட்டை. தூற்றும்போது பாதிக்கு மேல் காற்றோடு போயிற்று. ஏழு மூட்டை. அதில் விதைக்கு ஒன்று.

சரி, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி இந்தப் பத்தியில் நான் என்ன எழுதினேன்? ஞாபகமிருக்கிறதா? "இருநூற்றுப் பதினான்கு வாத்து, முப்பத்தொரு மலர்ந்த முகம்." பாராட்டிப் பத்தொன்பது கடிதம் வந்தது. உடைந்த வரப்பைப் பார்த்துவிட்டு வந்துதான் அதை எழுதினேன். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது கட்டுரை தபாலில் போயிருந்தது. நிறுத்தச் சொல்லி ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. தலைப்பு நன்றாக அமைந்துவிட்டது.

இந்த வருஷம் கார்த்திகையில் வழக்கம்போல எண்ணப் போனேன். பனையடியில் இறங்குவதற்கு முன்பே ஒரு சத்தம். 'ங்ங்ங்' என்று, காற்று வரும்போது உயர்ந்து, நின்றால் அடங்குகிற சத்தம். பள்ளத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி கேசட் டேப்பை இழுத்துக் கட்டியிருந்தது. வீட்டில் எல்லோரும் சிடிக்கு மாறிவிட்டார்களே, தூக்கிப் போட்ட பாட்டுக் கேசட்டெல்லாம் இப்போது வயலுக்குத்தான் வருகிறது. காற்றில் அதிரும். வெயிலில் பளபளக்கும். பறவை இறங்காது. குச்சிகளை எண்ணினேன். ஐம்பத்தாறு. வயலைச் சுற்றி ஒன்றுகூட இல்லை. நட்ட பயிரைச் சுற்றி இல்லை. சும்மா கிடக்கிற பள்ளத்தைச் சுற்றி.

தங்கராசு வந்தார். முகத்தில் விரோதம் எதுவும் இல்லை. பஸ் கிடைத்ததா, முழங்கால் தேவலையா என்று விசாரித்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வாத்துகள் மேல் கோபமா என்று கேட்டேன்.

"வாத்து மேல என்னங்க கோவம். அதுங்க என்னா பண்ணுச்சு?" குச்சி ஒன்றை ஆட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "வாத்து வந்தாத்தானே சார் வேன் வரும்."

இந்த வருஷம் வந்து பார்த்தனவா என்று கேட்டேன். ஒருநாள் காலையில் வந்தனவாம். தாழ இறங்கினவாம். சத்தம் கேட்டு மேலே எழும்பி, பள்ளத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டனவாம்.

"எத்தனை இருக்கும்?" வாய் தவறி வந்துவிட்டது.

"எண்ணலீங்க சார்." சிரித்தார். "எண்ணிச் சொன்னா நீங்க எழுதிப்புடுவீங்க."

மருதாயி டீ கொண்டுவந்தார். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். தங்கராசு பேசிய பேச்சிலிருந்து எனக்கு ஒன்று தெரிந்தது. நான் விரல் உயர்த்தியதை மருதாயி அவரிடம் சொல்லவே இல்லை. ஒரு வருஷமாக. 'சாருக்குக் காதுல விழுந்திருக்காது' என்று சொல்லி முடித்திருக்கிறார்.

விழுந்தது, தங்கராசு. இந்தப் பத்திரிகையை உங்கள் ஊர் டீக்கடையில் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதெல்லாம் மனதில் கிடக்கும்போதுதான் செவ்வாய்க்கிழமை அந்தப் போன். ரெண்டு வேன். ஐம்பத்தெட்டு பேர்.

பதினொரு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரோஜா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, வாத்து வரலைன்னு ஒரு பொய் சொல்லிட்டா முடிஞ்சுது. எதுக்கு இப்படி உக்காந்திருக்கீங்க?" சொல்லலாம். ஆனால் எண்ணிக்கையில் பொய் சொன்னதில்லை. அந்த ஒரு பெருமையாவது மிஞ்சட்டும் என்று வசந்தா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முறைத் தண்ணீர், புது மண், மருதாயி கூப்பிட்டது, என் விரல், ஏழு மூட்டை.

லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"ஏன் சார் அன்னைக்கே சொல்லலை?" என்றார். "முப்பத்தொரு பேர் இருந்தோமே. எறங்கி ஆளுக்கு ரெண்டு கை மண்ணு அள்ளிப் போட்டிருந்தா அடைஞ்சிருக்காதா?"

அறுபத்திரண்டு கை.

வாழ்நாளெல்லாம் எண்ணியவனுக்கு அந்த எண் மட்டும் அன்று தோன்றவில்லை. சேற்றில் இறங்கியிருப்பார்களா? இறங்கியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அந்த முழங்கால் வலி அம்மாள்கூட. நான்தான் அவர்களை விருந்தாளி மாதிரி கூட்டிப்போய், விருந்தாளி மாதிரி வேனில் ஏற்றிவிட்டேன். அவர்கள் நாள் கெட்டுவிடக் கூடாது என்று. என் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று... அதுவும்தான்.

வசந்தா மேடம் இன்னொன்றும் சொன்னார்.

"லிஃப்ட் வாசல்ல மாட்டியிருக்கோமே, அந்த போட்டோ சார்... ஓரத்துல சின்னதா ஒரு அம்மா கையைத் தூக்கிட்டு நிக்கறாங்க. எங்களுக்கு டாட்டா காட்டறாங்கன்னு நெனச்சோம்."

ஒரு வருஷமாக அந்தக் குடியிருப்பில் லிஃப்டுக்குக் காத்திருக்கிற அத்தனை பேரையும் மருதாயி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

நகரத்து மக்களை இயற்கையோடு சேர்த்துவைக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். இன்னமும் சொல்வேன் — கண்ணுக்குக் குறுக்கே எதுவும் இல்லாமல் பார்க்க ஆசைப்படுகிறவர்களை வராதே என்று சொல்ல நான் யார்? ஆனால் நான் சேர்த்துவைத்த லட்சணத்தைப் பாருங்கள். ஏரியைக் காட்டினேன், வாத்தைக் காட்டினேன். நடுவில் இருந்த வரப்பைக் காட்டவில்லை. அதைக் கட்டியவர்களைக் காட்டவில்லை. அவர்கள் விரட்டாமல் விட்டதால்தான் அந்த வாத்து அங்கே இருந்தது என்ற சின்ன விஷயத்தை நானே கவனிக்கவில்லை. சரணாலயம் என்றால் போர்டு வைத்த இடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐம்பத்தாறு குச்சி நட்ட பிறகுதான் தெரிகிறது, அது ஒரு மனுஷனின் மனசில் இருந்தது. காலி செய்ய ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது.

வியாழக்கிழமை வசந்தா மேடம் மறுபடி பேசினார். வாத்து பார்க்க முடியாது என்றதும் மற்றவர்கள் கடற்கரைப் பக்கம் ஏதோ ரிசார்ட் என்று முடிவு செய்துவிட்டார்களாம். நீச்சல் குளம் இருக்கிறதாம். மருதாயியை வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தான் மட்டும் வரலாமா என்று கேட்டார். தங்கராசுவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை. கேட்கப் போனால் நானும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறதே.

வாத்துகள் இந்த வருஷமும் வந்திருக்கின்றன. வேறு ஓர் இடத்தில், போர்டுக்கு இன்னும் தள்ளி, வேறு யாரோ ஒருவருடைய தரிசில் இறங்குகின்றன. எங்கே என்று கேட்காதீர்கள். எத்தனை என்றும் கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் எண்ண ஆரம்பித்தேன். நூற்றி எண்பத்தாறு வரை வந்தேன். நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், யாராவது கூப்பிடுகிறார்களா என்று.

யாரும் கூப்பிடவில்லை.